அடைமொழிக்கு ஏற்ற துணை

நம் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றோருள்ளும், இன்று பயில்வோருள்ளும், அயல்நாட்டுக் கல்வியையோ உத்தியோகத்தையோ நாடி ஆங்கிலத் திறமைப் பரீட்சைக்கு அமர்வோர் பலர். அவர்கள் ஆங்கிலம் அறியாதவர்களல்லர். பள்ளியிலும் கல்லூரியிலுமாகப் பல்லாண்டு அதனைக் கற்றவர்கள். இலக்கண வழுவின்றி வாக்கியம் அமைக்க வல்லவர்கள். அங்ஙனமிருந்தும், வேண்டிய மதிப்பெண்ணுக்கு அரைப் புள்ளி குறைந்தமையால், மறுபடியும் பெருந்தொகை செலுத்தி மறுபடியும் பரீட்சைக்குச் செல்வாரை நாம் காண்கின்றோம். இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் பலரும் கருதாது விடுவதாகிய ஒன்றைக் குறித்தே இங்குச் சில கூற விரும்புகின்றோம். அஃதாவது, ஆங்கிலத்தில் எந்தப் பெயருக்கு எந்த அடைமொழி வழக்கமாய்த் துணைவரும் என்பதை அறிதல்.

அரைப் புள்ளிதானே என்று இதனை எளிதாக எண்ணற்க. பிரிட்டன் தேசத்தில் செவிலியராகப் பணிபுரிய விரும்பும் அயல்நாட்டார், அந்நாட்டுச் செவிலியர் பதிவு மன்றம் வகுத்த மதிப்பெண்ணைப் பெறல் வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் பரீட்சையில் எழுத்துப் பகுதிக்கு அம்மன்றம் முன்னர் விதித்திருந்த 7 என்னும் அளவு, 2018 டிசம்பரில் 6.5 ஆகக் குறைக்கப்பட்டது. ஒரு நாட்டின் மன்றம் கூடி ஆராய்ந்து மாற்ற வேண்டிய அளவிற்கு அவ்வரைப் புள்ளி கனமுடையதாயிருந்தது. கடன் வாங்கிப் பணங்கட்டிய ஒரு குடும்பத்திற்கு அஃது எத்துணைக் கனமுடையதென்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இத்தகைய பரீட்சைகள் நேற்றுத் தோன்றியவையல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் பிறமொழியாளருக்கென ஆங்கிலத் திறமைப் பரீட்சை ஒன்றை 1913-ஆம் ஆண்டில் முதன்முதல் நடத்தினர். அதற்கு அமர்ந்தவர் மூவரே, தேறியவர் ஒருவருமிலர். ஏறத்தாழப் பன்னிரண்டு மணிநேரம் நடந்த அப்பரீட்சையில் மொழிபெயர்ப்பும், கட்டுரையும், ஒலியியலும் இடம்பெற்றிருந்தன. அமெரிக்காவின் டோஃபல் பரீட்சை 1964-இல் தொடங்கிற்று. மேற்கூறிய ஐ.இ.எல்.டி.எஸ். 1989-இல் அப்பெயருடன் வழங்கத் தொடங்கி, இன்று நம் மாணாக்கர் மிகுதியும் நாடுவதாய் இருக்கின்றது. அதில் எழுதுவோரின் கட்டுரை நான்கு தலைப்புக்களில் சமமாக மதிப்பிடப்படும். கேட்ட வினாவிற்குத் தக்க விடையுண்டா என்பது ஒன்று, கருத்துக்கள் கோவையாய் அமைந்தனவா என்பது ஒன்று, சொல்வளம் ஒன்று, இலக்கணம் ஒன்று. இவற்றுள் சொல்வளத்திற்கு 7-ஆம் படியை எய்த வேண்டுவோரிடம், அருகி வழங்கும் சொற்களோடு, நடையையும் ‘கொலொகேஷன்’ என்பதனையும் பற்றிய உணர்ச்சியும் இருத்தல் வேண்டுமென்று அப்பரீட்சையினர் வெளியிட்ட அளவுகோலே கூறுகின்றது. கொலொகேஷன் என்பதைச் சொல்லிணக்கம் என யாம் வழங்குவோம்.

சொல்லிணக்கம் யாதென்பதை விளக்கத் தமிழிலிருந்தே தொடங்குதல் நலம். ‘பலத்த’ என்னும் ஓர் அடைமொழியை எடுத்துக்கொள்வோம். பலத்த காற்று வீசிற்று என்கின்றோம். பலத்த மழை பெய்தது என்கின்றோம். பலத்த காயம், பலத்த காவல், பலத்த கரகோஷம், பலத்த போட்டி என்றெல்லாம் வழங்குகின்றோம். ஆறிடத்தும் அடைமொழி ஒன்றே. ஆங்கிலத்திலோ ஆறிடத்தும் வெவ்வேறு சொற்கள் வந்து நிற்கின்றன. காற்று ‘ஸ்ட்ராங் விண்ட்’. மழை ‘ஹெவி ரெயின்’. காயம் ‘சீரியஸ் இஞ்சுரி’. காவல் ‘டைட் செக்யூரிட்டி’. கரகோஷம் ‘லவுட் அப்ளாஸ்’. போட்டி ‘ஸ்டிஃப் காம்பெடிஷன்’. பலத்த என்பதற்கு ‘ஸ்ட்ராங்’ என்று அகராதியிற் கண்ட மாணாக்கன், காற்றுக்கு அதனை வைத்துச் சரியாக எழுதுகின்றான். அதே துணிவோடு மழைக்கும் காயத்திற்கும் வைத்து இடறுகின்றான். அகராதி அவனுக்குப் பொய் சொல்லவில்லை. அது சொன்னது பாதி. மற்றப் பாதி, அடுத்து வரும் பெயரைப் பொறுத்தது.

இனி, ஆங்கிலப் பக்கத்திலிருந்து நோக்கினும் இதுவே காணப்படும். ‘ஹெவி’ என்னும் சொல்லுக்குக் கனமான என்பது பொருளென நாம் முதலிற் கற்கின்றோம். ஆயின் ‘ஹெவி லாஸ்’ என்பது பெருநஷ்டம்; ‘ஹெவி ட்ராஃபிக்’ என்பது வாகன நெரிசல்; ‘ஹெவி மீல்’ என்பது வயிறு கனக்க உண்ணும் உணவு; ‘ஹெவி ஸ்லீப்பர்’ என்பான் இடி விழுந்தாலும் எழாது உறங்குபவன். ‘ஹெவி ஹார்ட்’ என்னுமிடத்து மட்டும் கனத்த நெஞ்சம் என்று நம் மொழியும் உடன்வருகின்றது. எங்கே இரு மொழியும் உடன்வரும், எங்கே பிரியும் என்பதை முன்கூட்டி உரைக்கும் விதி எதுவுமில்லை.

இதற்குக் காரணந்தான் என்ன? பெரும்பாலும் வழக்கே காரணம். தேநீர் கடுமையாய் இருப்பின் ஆங்கிலேயர் ‘ஸ்ட்ராங் டீ’ என்பர். ‘பவர்ஃபுல் டீ’ என்னார். மோட்டார் வண்டிக்கு ‘பவர்ஃபுல்’ என்பது பொருந்தும். வாதத்திற்கோ இரண்டும் பொருந்தும். மைக்கேல் ஹாலிடே என்னும் மொழிநூலறிஞர் 1966-இல் வெளிவந்த தம் கட்டுரையில் எடுத்துக்காட்டிய இச்சிறு உதாரணம், இன்றளவும் இத்துறை கற்பிப்போர் அனைவராலும் எடுத்தாளப்படுகின்றது. பொருளால் நெருங்கிய இரு சொற்கள், துணையால் வேறுபட்டு நிற்கின்றன என்பதே அதன் கருத்து.

இவ்வாராய்ச்சிக்கு அடிகோலியவர்களில் ஒருவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹெரால்டு பாமர் என்பார். 1933-இல் டோக்கியோ நகரில் அவர் வெளியிட்ட அறிக்கை, இவ்வாறு சேர்ந்து வழங்கும் தொடர்களைத் திரட்டி, இவற்றை உறுப்புறுப்பாகக் கூட்டியமைக்க முயலாது, ஒவ்வொன்றையும் ஒரு முழுமையாகவே கற்றல் வேண்டுமென்று வற்புறுத்திற்று. அவரோடு உழைத்த ஹார்ன்பி என்பார், கற்போருக்கெனவே ஓர் ஆங்கில அகராதியைத் தொகுத்து 1942-இல் டோக்கியோவிலேயே வெளியிடச் செய்தார். பின்னர் 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகத்தார் அதனை வெளியிட்டனர். இன்று நம் மாணாக்கர் கையாளும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி அதன் வழிவந்ததே. இலண்டனில் பேராசிரியராயிருந்த ஜே. ஆர். ஃபெர்த், 1950-களில் சொல்லின் பொருளை அறிய அது எவற்றோடு கூடிப் பழகுகின்றதென்று நோக்குக என்று கற்பித்து, சொல்லிணக்கத்தை மொழியாராய்ச்சியில் ஓர் உறுப்பாக நிலைபெறச் செய்தார்.

ஆயினும் தமிழ் மாணாக்கருக்கு இக்கருத்து புதுமையாய்த் தோன்ற வேண்டுவதில்லை. நன்னூலார் சொற்குற்றங்களை ஏழாக வகுத்து, திணை, பால், இடம், காலம், வினா, விடை என்பவற்றோடு மரபையும் ஒன்றாக வைத்தார். ஒரு பொருளை எச்சொல்லால் எவ்வாறு சான்றோர் வழங்கினரோ அவ்வாறே வழங்குதல் மரபு. அதினின்று வழுவுதல் மரபுவழு. ஆட்டை மேய்ப்பவன் இடையன். யானையை நடத்துவோன் பாகன். இதனை மாற்றி யானை இடையன் என்றால், திணையும் பாலும் காலமும் பிழையற்றிருந்தும் சொல் வழுவே. தொல்காப்பியர் மரபியல் என்று ஓர் இயலே வகுத்து, இளமைப் பெயர்களுள் எதனை எவ்வுயிர்க்கு உரியதாக்குவதென்று வரையறுத்தார். தென்னங்கீற்று, பனையோலை, வாழையிலை, வேப்பந்தழை, முருங்கைக்கீரை என்று நம் வீட்டுச் சிறுமியும் பிழையின்றிச் சொல்கின்றாள். நிறமிகுதியைச் சொல்லுங்கால் கன்னங்கரேல், செக்கச்செவேல், வெள்ளைவெளேர், பச்சைப்பசேல் என்று அதனதன் துணையோடு சொல்கின்றாள். கன்னஞ்செவேல் என்று ஒரு நாளும் அவள் சொல்லியதில்லை. இவற்றை அவள் எந்தப் பட்டியலினின்று கற்றாள்?

ஈண்டுத்தான் யாம் சொல்லக் கருதிய கருத்து உள்ளது. பரீட்சையை எண்ணி நம் மாணாக்கர் சொல்லிணக்கங்களை முந்நூறு, ஐந்நூறு என்று தொகுத்த பட்டியல்களை வாங்கி மனப்பாடம் செய்கின்றனர். இடப்பக்கம் அடைமொழி, வலப்பக்கம் பெயர். நாள் ஒன்றுக்கு நாற்பது, ஐம்பது. நெட்டுருச் செய்தவை முதல் வாரம் நாவில் நிற்கின்றன. மூன்றாம் வாரம் ஒன்றோடொன்று கலக்கின்றன. பரீட்சகர் எதிரே அமர்ந்து, உம் ஊரைப் பற்றிச் சொல்லும் என்று வினவியவுடன், மாணாக்கனுடைய மனம் ஊரை நோக்காது பட்டியலை நோக்கி ஓடுகின்றது. பேச்சுப் பரீட்சை முழுவதற்கும் உள்ள நேரம் பதினொன்று முதல் பதினான்கு நிமிஷங்களே. அதற்குள் தேடிக் கண்டு பொருத்திப் பேசுதல் இயலுமா? பழகிய தொடர் தேடாமலே வரும். பழகாத தொடர் தேடினும் வாராது.

இன்னுமொரு கேடு உண்டு. பட்டியலிற் கற்றவர்கள் எளிய சொல்லை இகழத் தொடங்குகின்றனர். அரிய சொல் ஒன்றைக் கட்டுரையிற் புகுத்தினால் பரீட்சகர் வியப்பர் என்பது அவர் எண்ணம். ஆனால் பொருந்தாத துணையோடு வந்த அரிய சொல், எளிய சொல்லினும் குறைந்த மதிப்பையே பெறும். ‘ஹெவி ரெயின்’ என்று எளிமையாய் எழுதியவன் பிழையற்றவன். மழைக்கு அகராதியிலிருந்து அரியதோர் அடைமொழியைத் தேடிப் பிடித்து ஒட்டியவன் தன் குறையைத் தானே சுட்டிக்காட்டியவனாவான். முழுவதும் மனப்பாடமாக எழுதப்பட்ட விடைக்கு மதிப்பெண் இல்லையென்று அவ்வளவுகோல் வெளிப்படையாகவே கூறியிருப்பதையும் நம்மவர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பட்டியலே வேண்டாவோ என்று சிலர் கேட்கலாம். பரீட்சைக்கு இரண்டு மாதமே உள்ளது. நூல் பல படிக்கப் பொழுதேது என்பர். இவ்வினா நியாயமானதே. வேலைக்குச் சென்றுகொண்டே இரவிற் படிப்பவர்க்கு நூலகத்தில் அமர்ந்து நாவல் படிக்குமாறு உபதேசித்தல் எளிது. அவர்க்கு அது செய்தல் அரிது. ஆகவே பட்டியலை எறிந்துவிடுக என்று யாம் கூறவில்லை. பட்டியல் தேர்ந்த ஒருவன் தன் அறிவைச் சோதித்துப் பார்க்கும் கருவியாகலாம், மறந்ததை நினைவூட்டலாம். முதன்முதற் கற்பதற்கு மட்டும் அது தகுதியற்றது. முன்பே வாக்கியத்திற் கண்டு பழகிய தொடரைப் பட்டியலிற் காண்பது நண்பன் பெயரைக் காண்பது போலும். காணாத தொடரைக் காண்பதோ வாக்காளர் ஜாபிதாவை ஒப்பிப்பது போலும்.

வேறு சிலர் கேட்பது இன்னும் ஆழ்ந்த வினா. ஆங்கிலேயர் வழக்கத்திற்கு நாம் ஏன் கட்டுப்படல் வேண்டும்? இந்தியாவில் ஆங்கிலம் வேரூன்றி நெடுங்காலமாயிற்றே. நமக்கென ஒரு வழக்கு இல்லையா? உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ‘ஜாயின்ட் ஃபேமிலி’ என்னும் தொடர் நம் நாட்டு வாழ்க்கையிலிருந்து எழுந்து ஆங்கிலத்தில் நிலைபெற்றதன்றோ? அதற்கு எவரும் வெட்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு சமூகம் பலகாலம் வழங்கி நிலைநாட்டிய தொடர் வேறு. ஒரு மாணாக்கன் தன் மனத்துள் தமிழை மொழிபெயர்த்து அன்றைக்குப் படைத்த தொடர் வேறு. முன்னது மரபு, பின்னது மரபுவழு. அன்றியும் எதிரே இருப்பவர்க்கு நாம் சொல்வது தடையின்றி விளங்கல் வேண்டும் என்பதே மொழியின் முதற் பயன். பிறர் தமிழ் கற்று நம்மோடு பேசுங்கால் பனங்கீற்று, தென்னங்கீரை என்று சொன்னால் நாம் புரிந்துகொள்வோம். ஆயினும் ஒரு கணம் நின்று புரிந்துகொள்வோம். நோயாளியின் நிலையை மருத்துவர்க்கு உரைக்கும் செவிலிக்கு அக்கணமும் விலையுடையது.

ஆயின் செய்ய வேண்டுவது என்ன? எமக்குப் பயன்மிக்கனவாகத் தோன்றும் சில வழிகளைக் கூறி அமைவோம்.

முதலாவது, வாசித்தல். டாக்கா நகரில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பார், வங்காளச் சிறுவர்க்கு ஆங்கிலத்தில் முதற்கண் வேண்டுவது வாசிக்கும் ஆற்றலே என்று 1926-இல் வெளிவந்த தம் நூலில் வாதித்து, குறைந்த சொற்களால் அமைந்த எளிய வாசகங்களையும் இயற்றினார். அவ்வுபதேசம் இன்றும் பழுதுபடவில்லை. நாள்தோறும் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு செய்தியை மட்டும், அவசரமின்றி, இருமுறை வாசித்தல் எவர்க்கும் இயலும். முதன்முறை செய்திக்காக, இரண்டாம் முறை பெயர்களின் முன்னே நிற்கும் அடைமொழிகளுக்காக. வெள்ளம், விபத்து, தேர்தல், விலைவாசி ஆகியவையே செய்திகளில் மாறிமாறி வருவன. ஆதலின் அவற்றுக்குரிய அடைமொழிகளும் மீண்டும் மீண்டும் கண்ணிற்படும். பரீட்சையில் வரும் பொருள்களும் ஏறத்தாழ இவையே.

இரண்டாவது, குறிப்பேடு. அதனை அடைமொழியின் கீழ் எழுதாது பெயரின் கீழ் எழுதுக. நாம் பேசப் புகுங்கால் முதலில் மனத்தில் எழுவது பொருள்; அடைமொழி அதன் பின்னரே வரும். மழையைப் பற்றிச் சொல்ல வேண்டின், மழை என்னும் தலைப்பின் கீழ் ‘ஹெவி’ என்பதும் ‘லைட்’ என்பதும் இருந்தாற் பயன்படும். 2002-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு சொல்லிணக்க அகராதியும் பெயர்ச்சொல்லின் கீழ் அதற்குரிய அடைமொழிகளைத் தொகுத்தே காட்டுகின்றது. தொடரைக் கண்ட வாக்கியத்தையும் உடன் எழுதிக்கொள்க.

மூன்றாவது, எதிர்ச்சொல்லைத் தேடுதல். ‘ஸ்ட்ராங்’ என்பதற்கு எதிர்ச்சொல் யாதென்று ஒருவரைக் கேளுங்கள், ‘வீக்’ என்பார். தேநீருக்கு அது சரி. காற்றுக்கோ ‘லைட் விண்ட்’ என்பதே வழக்கு. ஒருவர் பேச்சில் தாய்மொழியின் சாயல் மிகுதியாய்த் தெரிந்தால் ‘ஸ்ட்ராங் ஆக்ஸென்ட்’. சிறிதே தெரிந்தால் ‘ஸ்லைட் ஆக்ஸென்ட்’. எதிர்ச்சொல் பெயர்தோறும் மாறுவதைக் கண்டவன், அடைமொழி தனித்து வாழும் சொல்லன்று என்பதை ஒருபோதும் மறவான்.

நான்காவது, தமிழை விலக்காது துணையாகக் கொள்ளுதல். தாய்மொழியை மறந்துவிட்டு ஆங்கிலத்திலேயே எண்ணுக என்பது பலர் உபதேசம். அது நெடுநாட் பயிற்சியின் முடிவேயன்றித் தொடக்கமன்று. அதுவரை தமிழ்ச்சொல்லுக்கு ஆங்கிலச்சொல் என்று நிறுத்தாது, தமிழ்த்தொடருக்கு ஆங்கிலத்தொடர் என்று நிறுத்திப் பார்த்தல் வேண்டும். பலத்த என்பதற்கு நேர் யாதென்று கேளாது, பலத்த காயம் என்பதற்கு நேர் யாதென்று கேட்டல் வேண்டும். உயரமான மனிதன் ‘டால்’. உயரமான சுவர் ‘ஹை’. இவ்வாறு ஒப்புநோக்குவோர், ஆங்கிலத்தோடு தமிழின் மரபையும் புதிதாக உணர்வர்.

ஐந்தாவது, அளவு. நாளுக்கு ஐந்து தொடர் போதும். ஒவ்வொன்றையும் தம் வாழ்வில் உள்ளதொரு செய்தியைக் கொண்டு வாக்கியமாக எழுதி, வாய்விட்டுச் சொல்லி, வாரக்கடைசியில் நண்பர் ஒருவரோடு உரையாடிப் பயன்படுத்தல் வேண்டும். இரண்டு மாதத்தில் முந்நூறு தொடர்கள் ஒருவருக்குச் சொந்தமாகும். பட்டியலிற் கற்ற ஆயிரத்தினும் அம்முந்நூறு பெரிது.

ஆசிரியர்களாயுள்ளார்க்கும் ஒரு விண்ணப்பம். மாணாக்கர் கட்டுரையில் ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று கண்டவிடத்துச் சிவப்பு மையால் அடித்துச் சரியானதை மேலே எழுதிவிடுதல் நம் வழக்கம். அம்மாணாக்கன் பிழை செய்தது அறியாமையாலன்று. தமிழில் உள்ள ஓர் ஒழுங்கை ஆங்கிலத்திற்கும் உரியதாக்கியதால். அவ்வொழுங்கை அவனுக்கே எடுத்துக்காட்டி, இரு மொழியும் எவ்விடத்துப் பிரிகின்றன என்று இரண்டு நிமிஷம் உரைத்தால், ஒரு பிழையன்று, ஒரு குடும்பத்துப் பிழைகள் அனைத்தும் நீங்கும். ஆங்கில வகுப்பில் நன்னூலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதால் ஆங்கிலத்திற்குக் குறைவொன்றும் வாராது.

பரீட்சையின் மதிப்பெண் சீட்டு பெரும்பாலும் இரண்டாண்டே செல்லும். அதன்பின் அதனை ஏற்பார் அரியர். அதற்கெனவே கற்றது அதனோடு கழியும். அயல்நாட்டு மருத்துவமனையிலோ, பல்கலைக்கழகத்திலோ, தொழிற்சாலையிலோ பிறரோடு அமர்ந்து, தாம் கருதியதைக் கருதியவாறே சொல்ல வேண்டிய நாட்களோ, அச்சீட்டின் காலம் கடந்தபின்னரும் நீண்டு தொடர்வன. மாணவ நண்பர்காள்! அந்நாட்களை முன்னிட்டு இன்றே ஒரு குறிப்பேட்டைத் திறந்து, முதற்பக்கத்தின் தலையில் மழை என்று எழுதித் தொடங்குமாறு உங்களை வேண்டுகின்றோம்.